ஐந்தாவது ஃபிரெட்

ஃபெர்மின்,

கொண்டைக்கடலையும் கீரையும் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. தட்டை ஊறப்போடு, போதும். கிடார் வாசிக்கிற நகம் உடைந்தால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். ஒரு மணிக்கு உன் தங்கை வருவாள். என் புள்ளிப் பாவாடையை அவளிடம் கொடுத்தனுப்பு.

நேற்று புதிதாகச் சேர்ந்த அந்த மாணவிக்கு நீ நடத்திய முதல் பாடத்தை அடுக்களையிலிருந்து கேட்டேன். "கிடார் கழுத்துல மாட்டுற இந்த கேப்போ கிளிப்பை ஒரு ஃபிரெட், அதாவது ஒரு கட்டம், இறக்கினா, சுருதி அரைச் சுரம் இறங்கும். பாடுறவங்க தொண்டைக்குத் தக்கபடிதான் மாட்டணும். கிடார் பாட்டுக்கு வேலைக்காரன்மா." எவ்வளவு அழகாகச் சொன்னாய்!

கல்யாணமான புதிதில் எனக்காக ஐந்தாவது ஃபிரெட்டில் மாட்டினாய். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தொன்பது. "கொஞ்சம் இறக்கேன், தொண்டை கிழியுது" என்றால், "இறக்கினா கிடார் மந்தமாயிடும், நீ மூச்சைப் பிடிச்சுப் பாடு" என்கிறாய். இருபத்தேழு வருஷமாக அந்த ஃபிரெட்டில்தான் குடியிருக்கிறேன். ஒரு சன்னல்கூட இல்லை.

நான் கேட்டதெல்லாம் இரண்டே இரண்டு ஃபிரெட் என்று நேற்றுத்தான் புரிந்தது.

இன்றைய கச்சேரிக்கு நான்கு மணிக்கு நேரே ஃபிளமெங்கோ மன்றத்துக்கு வந்துவிடு.

என்கார்னா

கேப்போவைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. டிராயரில் கிடந்த பழையதும்தான். மேடையில் நானே மாட்டுவேன், மூன்றாவதில்.

பயந்துவிடாதே, நான் எங்கே போய்விடப் போகிறேன்? வேறு யார் வாசித்தாலும் எனக்குப் பாட வரவில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.