ஆக்ஸிலியா மிஸ் சொன்னதாக

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
6 ஜூலை 2025

அன்புள்ள ஜெயா,

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். நான் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு நலமாகவே இருக்கிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். மதுரை விடுதியில் ஒரு வாளி வெந்நீரைப் பங்குபோட்டுக் குளித்தவளுக்கு வெறும் கட்டைவிரல்தானா?

பள்ளிக்கூடத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்தியபோது உன் ஆன்லைன் டியூஷனில் வேதியியல் எடுக்கச் சேர்த்துக்கொண்டாய். அதை நான் மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வேலை எனக்குப் பள்ளிக்கூடத்தைவிடப் பிடித்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. புரியாவிட்டால் புருவத்திலேயே தெரிந்துவிடுகிறது. மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடுகிறது, அது ஒன்றுதான் தொல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழனி அடிவாரத்தில் தேவசேனா என்று ஒரு பிளஸ் டூ பெண். அவள் அம்மா பாண்டிச்செல்வி சந்தனமும் விபூதியும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். ஒரு நாள் நான் அவசரத்தில் தப்பாகப் போட்ட மோல் கணக்கை அவள்தான் திருத்தினாள். பார்மசி படிக்க வேண்டும் என்று ஆசை. நன்றாகப் படிக்கிறாள் என்றுதான் உன் ஆபீசுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்.

நேற்று வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள். "நான் ரொம்ப வீக்னு நீங்க அம்மாகிட்ட போன்ல சொன்னீங்களாம் மிஸ். இன்னும் நெறைய மணி நேரம் கூட்டுனாத்தான் பாஸ் ஆவேன்னு சொன்னீங்களாம்."

அவள் அம்மாவுடன் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை ஜெயா. என் பெயரில் பேசியது யார்? சாப்பிட்டு முடித்த பிறகு குழம்பில் பல்லி கிடப்பதைப் பார்த்ததுபோல் இருக்கிறது. விசாரித்து எழுது.

என்றும் உன்,
ஆக்ஸிலியா


மதுரை
14 ஜூலை 2025

என் தங்கம் ஆக்ஸி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மலையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். பிரித்தால் வழக்கம்போல் சண்டை. நீ மாறவே இல்லையடி.

விசாரித்தேன். பெற்றோருடன் போனில் பேசப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறோம். ஏதோ ஆர்வக்கோளாறில் உளறிவிட்டாள். கண்டித்துவிட்டேன். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாமல் கேள். பாடத்தை நீ ரொம்ப வெரசாக முடித்துவிடுகிறாய். ஒரே வகுப்பில் எல்லாம் விளங்கிவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி நம்மிடம் எதற்கு வரும்? ஒரு சந்தேகத்தைத் தொங்கவிட்டு வகுப்பை முடி. மற்ற டீச்சர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைக்கும் கொஞ்சம் பயம் இருந்தால்தான் புத்தகத்தைத் தொடும். இந்த ஆபீசை நம்பிச் சில குடும்பங்கள் சாப்பிடுகின்றன, அதையும் நினைத்துப் பார்.

குளிரில் அலையாதே. காதில் துணி கட்டிக்கொள்.

முத்தங்களுடன்,
ஜெயப்பிரியா


மூஞ்சிக்கல்
27 ஜூலை 2025

அன்புள்ள ஜெயா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மேசைமேல் கவிழ்த்துப் போட்டிருந்தேன். திரும்ப எடுக்கவே கூசியது. சந்தேகத்தைத் தொங்கவிட வேண்டுமாம். வாத்தியார் செய்கிற வேலையா அது? பசித்து வந்தவனுக்குப் பாதி இட்லியைக் காட்டிவிட்டு மீதியை ஒளித்துவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதை நீ சொல்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தேவசேனா இப்போது வகுப்புக்கு வருவதில்லை. போன் செய்தேன். "எனக்கு கெமிஸ்ட்ரி வராது மிஸ். பார்மசி எல்லாம் வேணாம். பரீட்சை முடிஞ்சதும் அம்மாகூட கடையில உக்காந்துக்கிறேன்" என்றாள். நீ நன்றாகப் படிக்கிற பெண் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அம்மாகிட்ட ஒன்னு சொல்றீங்க, எங்கிட்ட ஒன்னு சொல்றீங்க" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? அவளைப் பொறுத்தவரை இரண்டையும் சொன்னவள் நான்தானே.

படிக்கிற பிள்ளையை மக்கு என்று நம்பவைத்து வியாபாரம் செய்வது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்த ஆபீஸ் பெண்ணை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அவளைக் கண்டித்தால் மட்டும் போதாது. நீயே, உன் பெயரைச் சொல்லி, பாண்டிச்செல்வியிடம் பேசு. அது ஆபீசின் தவறு, உங்கள் மகள் கெட்டிக்காரி, ஆக்ஸிலியா அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல். வேறொன்றும் நான் கேட்கவில்லை. இப்போது விட்டால் அந்தப் பெண் படிப்பையே விட்டுவிடுவாள்.

உன்,
ஆக்ஸிலியா


மதுரை
5 ஆகஸ்ட் 2025

தங்கமே,

பேசிவிட்டேன். பாண்டிச்செல்வி அக்காவிடம் நானே, நீ சொன்னபடியே, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷி. "அதனால என்னம்மா" என்று சமாதானமாகிவிட்டார். அந்தப் போன் பெண்ணையும் வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. இப்போது என் ஆக்ஸிக்குச் சந்தோஷமா?

ஆவணியில் என் சின்ன மகளுக்குக் காதுகுத்து. பெரியம்மா வந்தால்தான் காதைக் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உனக்குப் புடவை எடுத்துவைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த மாம்பழ நிறம். கோபத்தை மலையிலேயே வைத்துவிட்டு வா.

உன்,
ஜெயா


மூஞ்சிக்கல்
18 ஆகஸ்ட் 2025

ஜெயப்பிரியாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கோயிலுக்குப் போய் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச வேண்டியதை நீ பேசிவிட்டாய், இனி அந்தப் பெண்ணுக்குத் தைரியம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று நேற்று பழனி பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடையைக் கண்டுபிடித்துப் பெயரைச் சொன்னதும் பாண்டிச்செல்வியின் முகம் இறுகிவிட்டது. "எம்புள்ள தேறாதுன்னு சொன்ன மிஸ்ஸு நீங்கதானா? இங்க என்ன சோலி உங்களுக்கு?"

ஆபீசில் இருந்து யாரும் பேசவில்லையா என்று கேட்டேன். "நீங்கதான பேசுனீங்க. போன வாரங்கூட ஃபெயிலாயிருவான்னு பேசுனீங்க. போன்ல கொரலு வேற மாதிரில்ல இருந்துச்சு" என்றார். நீ நிறுத்திவிட்டதாகச் சொன்ன போன் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், உன்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். அப்போதும் உன்மேல் சந்தேகம் வரவில்லை.

நீ கெட்டிக்காரி என்று இனி நான் சொல்லி தேவசேனா நம்பப் போவதில்லை. அதனால் அவள் அம்மாவிடம் பத்து நிமிடம் மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். கடைக்குப் பின்னால் திறந்தவெளியில், பையில் கொண்டுபோயிருந்த சோதனைச் சாமான்களைப் பரப்பி, பெயர் எழுதாத ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, என்ன உப்பு என்று நீயே கண்டுபிடி என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, எனக்காக இல்லை, பொடி என்ன என்று அவளுக்கே பொறுக்காமல் சோதனைக் குழாயை வாங்கினாள். நீர்த்த அமிலத்தை விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. "என்ன எழவு நாத்தம் இது, வர்ற ஆளெல்லாம் ஓடிருமே" என்று பாண்டிச்செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். தேவசேனா தள்ளி நின்று கையால் விசிறி மோந்து பார்த்தாள். லெட் அசிடேட் தாளைக் குழாய் வாயில் பிடித்தாள். தாள் கறுத்தது. மீதிச் சோதனைகளையும் யாரையும் கேட்காமல் செய்து முடித்து, "ஜிங்க் சல்ஃபைடு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். சரியா என்று அம்மா என்னைக் கேட்டார். சரி என்றேன். கொண்டுபோன பொட்டலத்தில் இருந்து இன்னொரு உப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. "ஒங்க ஆபீசுதான்" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான் ஆக்ஸிலியா மிஸ் பேசுறேன். பாப்பா வகுப்புக்கும் வர மாட்டேங்குது, உப்பு சோதனையும் சுத்தமா வரலக்கா. எனக்கே மனசு கேக்கல. இன்னும் கொஞ்சம் மணி நேரம் மட்டும் கூட்டிக்கங்க, நானே பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரி சொல்லித் தாரேன்."

ஆபீஸ் பெண் என்று ஒருத்தி இருந்ததே இல்லை, இல்லையா? அது உன் குரல். அந்தக் குரல் எத்தனை இரவு எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறது. அதே குழைவுதான், அதே பாசந்தான்.

பாண்டிச்செல்வி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது நான் இல்லை என்று தலையை அசைத்தேன். தேவசேனாதான் போனருகே குனிந்தாள். "நான் தேவசேனா பேசுறேன். ஆக்ஸிலியா மிஸ் எங்க கடையிலதான் நிக்கிறாங்க. நீங்க யாரு?"

நீ போனை வைத்துவிட்டாய்.

இனி தேவசேனாவுக்கு நானே பாடம் எடுப்பேன். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் இன்று காலை முதல் போன் செய்து நடந்ததைச் சொல்லி வருகிறேன். நீ பதில் எழுத வேண்டாம்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாண்டிச்செல்வி தெரு முனைவரை கூட வந்தார். "போன்ல பேசுன அந்தப் பொம்பள ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா மிஸ்ஸு?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆக்ஸிலியா