தமிழரசிக்கு வயிற்றுவலியாம்

தை 11, திங்கள்

காலையில் கடும் பனி. திருவையாற்றுப் பாலத்தில் ஹெட்லைட் போட்டுத்தான் வண்டி நகர்ந்தது. உற்சவக் கூட்டம் ஆரம்பம். தம்புராவுக்கு லக்கேஜ் போடணும் என்றேன், ஓர் அம்மாள் முறைத்தாள். முறைத்தால் கண்டக்டர் வேலை ஆகுமா? லீவு முடிந்து முதல் நாள். கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வாங்க வேண்டும்.

தமிழரசி போய் இன்று ஐந்தாம் நாள்.

அக்காவின் ஒரே பெண். என் தோளில் தூங்கி வளர்ந்தவள். சீர்காழிக்குக் கிழக்கே கட்டிக்கொடுத்து நாலு வருஷம், பிள்ளை இல்லை. வியாழக்கிழமை விடியலில் அந்த ஊர் ஆள் வந்து நின்றான். ராத்திரி வயிற்றுவலி, தாங்கவில்லை, போய்விட்டது என்றான். அக்கா, அத்தான், நான் மூவரும் போய்ச் சேரும்போதே குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்து, பாடை கட்டி எல்லாம் தயார். பிறந்த வீட்டுக் கோடிக்காகத்தான் காத்திருக்கிறோம், சீக்கிரம் என்றார் சம்பந்தி. அந்தப் புடவை போர்த்தாமல் பெண்ணை எடுக்கக் கூடாது அல்லவா. சைக்கிளில் ஓடி, பூட்டிய கடையைத் திறக்கச் சொல்லி வாங்கிவந்தது நான். பச்சை. போர்த்தினோம். எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் சாம்பல்.

இன்றுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"மூஞ்சி பூரா மஞ்சளை அப்பியிருந்தாங்கடா தம்பி. அவ்வளவு மஞ்சள் எதுக்கு?"

சுமங்கலிக்குப் பூசுவதுதானே என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தால் எனக்கே அது சரியாகப் படவில்லை. பொங்கல் சீர் கொண்டுபோனபோது நன்றாகத்தானே இருந்தாள். கரும்பு சோளத்தட்டை மாதிரி இருக்கு மாமா, யாரு தலையில கட்டினான் என்று என்னைக் கேலி செய்தாள். வயிற்றுவலிக்காரியா அவள்?

தை 12, செவ்வாய்

பனி இல்லை. வெயில். டூட்டி மாற்றிக்கொண்டேன், அத்தானோடு அந்த ஊர் ஸ்டேஷனுக்கு.

எஸ்.ஐ. ஸ்டேஷனில் இல்லை. ஊரில் அறுப்புக் கூலித் தகராறு, சம்பந்தி வெளியூர் ஆட்களை இறக்கினார், உள்ளூர் ஆட்கள் வரப்பில் படுத்து மறித்தார்கள், அதனால் பந்தோபஸ்து. கேம்ப் எங்கே என்றால், சம்பந்தியின் பம்புசெட் கொட்டகை. சாப்பாடு சம்பந்தி வீட்டில். சரிதான். எந்த வீட்டின் மேல் புகாரோ அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பவரிடம் புகார்.

எஸ்.ஐ. கெட்டவர் மாதிரியும் தெரியவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை கலியபெருமாளிடம் வாக்குமூலம் வாங்கியாச்சு என்று படித்துக்காட்டினார். ராத்திரி முழுக்க மனைவி பக்கத்திலேயே இருந்தானாம். ஓமத் தண்ணி கொடுத்தானாம். கார் வருவதற்குள் அவன் மடியிலேயே உயிர் பிரிந்ததாம்.

"கோடி போட்டீங்கல்ல? சந்தேகம் இருந்தா அப்பவே கோடி போட மாட்டோம்னு நின்னுருக்கணும். எரிச்சப்புறம் நான் என்னய்யா பாக்குறது?"

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி இந்தப் போலீஸ்காரர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். புதன் சாயங்காலம் பக்கத்து ஊரில் வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டார்கள், எல்லோரும் அங்கே போய்விட்டோம் என்றார். போலீஸ் இருந்தவரை ஒன்றும் இல்லை. போலீஸ் போன ராத்திரியில் வயிற்றுவலி. நான்தான் முடிச்சுப் போடுகிறேனா?

தை 14, வியாழன்

வண்டி பஞ்சர், பாபநாசத்தில் ஒரு மணி நேரம். கிராம்பு பலனில்லை.

சாயங்காலம் அத்தானோடு வட்டச் செயலாளர் வீடு. அத்தான் பழைய கட்சிக்காரர். நாலு பேர் கூடத் துணிவில்லாத காலத்தில் கொடி பிடித்தவர், பெண்ணுக்குத் தமிழரசி என்று பேர் வைத்தவர், ஐயர் இல்லாமல் மாலை மாற்றித்தான் கல்யாணமும் செய்தார். நம்ம ஆட்சி, நமக்கு நியாயம் கிடைக்கும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வட்டம் காபி கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, உங்க சம்பந்திதான் அந்தப் பக்கம் மாநாட்டுக்கு நாலு லாரி தந்தவர் என்றார். எங்களுக்குத் தெரிந்து சம்பந்தி அந்தக் காலத்தில் எதிர்க் கட்சி. ஆட்சி மாறியது, துண்டும் மாறியது போலிருக்கிறது. சுவரில் மாநாட்டுப் படம், அதில் சம்பந்தி இரண்டாவது வரிசை.

திரும்பும்போது அத்தான் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார். பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க மச்சான், எனக்கு ஒன்னும் இல்ல" என்றார்.

செய்ய வேண்டியது: ஆர்.டி.ஓ.வுக்கு மனு. பல் டாக்டர். அக்காவுக்குத் தூக்க மாத்திரை (கேட்டுத்தான் கொடுக்கணும்).

தை 17, ஞாயிறு

மேகம். அறுத்துப் போட்ட நெல்தாள் நனைந்தால் எல்லோருக்கும் நஷ்டம், மழை வராமல் இருக்கணும்.

சீர்காழி டிரிப்பில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். அந்தக் கேம்ப் ஆள். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து பின்சீட்டுக்குப் போனார். வைத்தீஸ்வரன் கோயிலில் கூட்டம் இறங்கியதும் அவரே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு கையாலதாங்க நாங்க சாப்பிட்டோம். மனசு கேக்கல" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னது இது.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, நிலம் பறிபோகாமல் இருக்க, சம்பந்தி அதைப் பேர் பேராக எழுதினார். மகன்கள் பேர், மருமகள் பேர், மாட்டுக்காரன் பேர் வரைக்கும். தமிழரசி பேரில் ஒரு வேலி நிலம், ஆறு ஏக்கருக்கு மேல். (அப்போது நாங்கள் பூரித்துப்போனோம். மருமகள் பேரில் நிலம் எழுதுகிற வீடு, கொடுத்து வைத்தவள் என்று அக்கா ஊர் முழுக்கச் சொன்னாள்.) மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் தாசில்தார் விசாரிக்க வந்தாராம். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவளிடம், உன் நிலம் எதும்மா என்று கேட்டாராம்.

"எனக்கு நிலமே கிடையாதுங்களேன்னுடுச்சு. சூதுவாது தெரியாத பொண்ணு. மறுநாள் உதடு வீங்கியிருந்துச்சு. கேட்டோம், கிணத்தடியில வழுக்கிட்டதுன்னுச்சு."

இதை எழுதிக் கொடுப்பீர்களா என்றேன். புள்ளகுட்டிக்காரன் என்று இறங்கிக்கொண்டார். இரண்டு பேருக்குச் சில்லறை தப்பு.

தாசில்தார் கேட்டார், உள்ளதைச் சொன்னாள். அதற்கா? உதட்டை உடைப்பார்கள் சரி. உயிரை எடுப்பார்களா? கலியபெருமாள் அப்படிப்பட்டவனா? கல்யாணத்தன்று என் காலில் விழுந்தவன். சாது. சாது மிரண்டால் என்கிறார்களே.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தை 19, செவ்வாய்

சம்பந்தி ஊரிலிருந்து ஆள் வந்தான். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். பிறந்த வீட்டிலிருந்து வந்து உருமா கட்ட வேண்டுமாம்.

உருமா என்றால் புது வேட்டி. குளக்கரையில் ஊர் முன்னால் மாமனார் அதை மாப்பிள்ளை தலையில் கட்டினால்தான் தீட்டுக் கழியும். அது கட்டின பிறகுதான் மற்ற உறவுக்காரர்கள் கட்டுவார்கள். கட்டாவிட்டால் அவன் ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியாது, இன்னொரு கல்யாணமும் பேச முடியாது.

வீட்டில் பெரிய தகராறு. போகவே கூடாது, அவன் தலை மொட்டையாகவே கிடக்கட்டும் என்றேன் நான். போகாவிட்டால் பெண்ணுக்குக் காரியம் குறைபடும் என்று அக்கா அழுதாள். எள்ளும் தண்ணியும் இல்லாமல் அலைவாளே என்றாள். அத்தான் இத்தனை வருஷம் மேடையில் சடங்கு மடமை என்று முழங்கியவர். அவராவது வேண்டாம் என்பார் என்று பார்த்தேன்.

"வேட்டி ஒன்னு வாங்கிடுங்க மச்சான்" என்றார்.

கோபத்தில் சாப்பிடாமல் வந்துவிட்டேன். கோடியும் நான் வாங்கினேன், உருமாவும் நானே வாங்கணுமா? நான் என்ன அவர்களுக்கு ஜவுளிக்கடையா?

வாங்கியும் விட்டேன். என்னத்தைச் சொல்ல.

தை 22, வெள்ளி

வெயில். காற்றில் வைக்கோல் தூசி. எழுத்துக் கோணல்.

குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. பந்தலில் இலை போட்டாச்சு. சம்பந்தி வெள்ளை வேட்டியில், பக்கத்தில் மூத்த மகன். கலியபெருமாள் ஈரத்துணியோடு மணை மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அடிக்கணும் என்றுதான் போனேன்.

அத்தான் வேட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். அத்தான் கட்டவில்லை. நின்றார்.

"மாப்ள, அன்னிக்கு ராத்திரி என் பொண்ணு கடைசியா என்ன சொன்னுச்சு? அதை மட்டும் சொல்லுங்க. கட்டிடுறேன்."

குரல் ஏறவே இல்லை. மேடையில் பேசும் அத்தான் இல்லை இவர். சம்பந்தி, நேரம் ஆகுது, இதெல்லாம் அப்புறம் பேசலாம் என்றார். அத்தான் காதில் வாங்கவில்லை. கலியபெருமாள் நிமிர்ந்தான். உதடு கோணி அழுகை வந்துவிட்டது.

"தெரியாது மாமா. நான் வீட்லயே இல்ல. களத்துல நெல்லுக்குக் காவலா படுத்திருந்தேன். ஆளு வந்து எழுப்பி ஓடியாந்தேன். வரும்போதே குளிப்பாட்டிட்டாங்க."

மூத்தவன் அவன் தோளை அழுத்தினான். சோகத்தில் உளறுகிறான் என்றார் சம்பந்தி. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

மடியிலே உயிர் போனதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன், வீட்டிலேயே இல்லையாம்.

அத்தான் வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். உறவுக்காரர்கள் பத்துப் பேர் உருமாவோடு வரிசையில் நின்றார்கள், ஒருவர் கை எழவில்லை. மாமனார் கட்டாம நாம எப்படிங்க கட்டுறது என்றார் ஒரு பெரியவர். பாதிப் பேர் இலையில் உட்காராமல் போனார்கள். நாங்களும் வந்துவிட்டோம். அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் இல்லை என்றால் வீட்டில் இருந்தது யார்? சம்பந்தி, அவர் சம்சாரம், மூத்தவன். மூன்று பேர். அவன் சொன்னது நிஜமா? தப்பித்துக்கொள்ளச் சொன்னதா? நிஜம் என்றால் பொய்க் கையெழுத்து ஏன்? அப்பனுக்குப் பயமா? பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போதும் அப்பனுக்குப் பயப்படுவானா ஒருவன்?

பயப்படுவான். பார்த்தேனே.

தை 23, சனி

மாயவரம், ஆர்.டி.ஓ. ஆபீஸ். மூன்று பேரும். வெளியே மரத்தடியில் ஏழெட்டுக் குத்தகைக்காரர்கள் காத்திருந்தார்கள், நிலத்தை விட்டு வெளியேற்றிய கேஸ். அவர்களுக்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டார்கள்.

போன வாரம் தபாலில் போட்ட மனுவில் புருஷன் மேல் சந்தேகம் என்றுதான் இருந்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், இப்போ புருஷன் மேல சந்தேகமா, இல்லையா, ஒன்னு சொல்லுங்க என்று. அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இதுவரை எந்த ஆபீசிலும் வாயைத் திறக்காத அக்காதான் பேசினாள்.

"அவன் இல்லாத வீட்ல யாரு இருந்தாங்கன்னு நீங்க கேளுங்கய்யா. மஞ்சளுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு கேளுங்க."

ஆபீசர் எழுதிக்கொண்டார். நிதானமாகத்தான் பேசினார். குளக்கரையில் கேட்டவர்கள் யாரும் அந்த ஊரில் வாழ்ந்துகொண்டு இங்கே வந்து சொல்லப் போவதில்லை என்றார். அவரும் பார்த்திருப்பார் இந்த மாதிரி. அதனால் கலியபெருமாளே வந்து, நான் வீட்டில் இல்லை, முதல் வாக்குமூலம் பொய் என்று கையெழுத்துப் போட்டால்தான் விசாரணை நகருமாம். அவனை அவர்கள் வெளியூர் அனுப்பிவிடுவதற்குள்.

ஆக, இப்போது எங்களுக்கு இருக்கும் ஒரே ஆள் அவன். ஊர் முன்னால் தலையில் உருமா கட்டாமல் உட்காரவைத்துவிட்டு வந்தோமே, அவன்.

அக்கா போகமாட்டாள். அத்தான் போனால் சம்பந்தி வாசலிலேயே நிறுத்துவார். நான்தான். நாளைக்கு முதல் வண்டி, என் டூட்டி இல்லை, டிக்கெட் எடுத்துத்தான் போகணும்.

அவன் களத்தில்தான் படுக்கிறானாம், வீட்டுக்குள் போவதில்லையாம். போய் நிற்பேன். அவன் கையைப் பிடிப்பேனா, சட்டையைப் பிடிப்பேனா, இப்போதுவரை தெரியவில்லை.