தோழன் மணையில் யாரும் உட்காரவில்லை

தம்பி,

உன் மருமகன் கார்த்தியின் கல்யாண ஆல்பம் நேற்று வந்து சேர்ந்தது. ஒரு ஆள் தூக்க முடியாத கனம். அட்டையைத் திறந்ததும் புது ரெக்சின் வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்துக்குப் பக்கம் அவனுடைய ஐந்து நண்பர்கள், ஒரே நிறக் கோட்டில். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறார்கள், ஒரு படத்தில் கார்த்தியை அலாக்காகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். தாலி கட்டுகிற படத்தில் மட்டும் ஒருத்தரையும் காணவில்லை. அவனை ஒட்டிப் போட்டிருந்த தோழன் மணை வெறும் பலகையாகக் கிடக்கிறது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டேன். இதை வேறு யாரிடம் சொல்லிப் பொருமுவது? கேட்க வேண்டிய நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு மச்சான் முறையாகிற ஒருத்தன்தான் தோழன். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தாலி ஏறுகிற வரை அவன் மாப்பிள்ளையைத் தனியே விடக்கூடாது. கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். பக்கத்து மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்வையைத் துடைக்க வேண்டும், மாப்பிள்ளை குனியும்போது மாலை முகத்தில் விழாமல் தாங்க வேண்டும். பெண் வீட்டார் கேலி பேசினால் பதில் சொல்வதும் அவன் பொறுப்புதான்.

என் கல்யாணத்தில் இந்த வேலை உன் தலையில் விழுந்ததே ஒரு கூத்து. உன் மச்சான் வீட்டார் தோழனாக நிற்கச் சொல்லியிருந்தது அவருடைய அத்தை மகனை. அவர் ஏறின பஸ் வழியில் நின்றுவிட்டது. ஐயர் நேரமாகிறது என்று பறந்தார். என் மாமியார்தான், "பொண்ணோட தம்பி இருக்கான்ல, அவனயே உக்காரச் சொல்லுங்க. மொறதானே" என்றார். நீ இட்லிப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாய். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தாய். "மச்சான், பொகை கண்ணுல படுது பாருங்க, செத்த இங்குட்டுத் திரும்புங்க" என்று அவர் காதில் நீ சொன்னது எனக்குக் கேட்டது. தலை குனிந்திருந்த எனக்கு, அந்தக் கூட்டத்தில் தெரிந்த குரல் உன்னுடையது ஒன்றுதான். எல்லாம் முடிந்து எழுந்தபோது கால் மரத்துப்போய் உன்னை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

கார்த்தி பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "ஆளு பிடிச்சாச்சும்மா, அஞ்சு பேரு" என்றபோது நான் சமையலுக்கு என்று நினைத்தேன். க்ரூம்ஸ்மென் என்றான்.

"அவுகளுக்கு என்னடா வேலை?"

"கூட நிப்பாங்கம்மா."

"நின்னு?"

"என்ட்ரில ஆடுவாங்க. போட்டோல நல்லா இருக்கும்."

"அப்ப சரவணன்?"

"அவன் சொந்தம்மா. எப்படியும் வரத்தான் போறான்."

உன் மகனைப் பற்றித்தான் இப்படிச் சொன்னான். பள்ளத்தூரில் இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், ஒரே சைக்கிளில் மாற்றி மாற்றி மிதித்தவன். எப்படியும் வருகிறவன் என்பதாலேயே அவனைக் கேட்க வேண்டாமாம். கோட்டுக்கு அளவு கொடுக்க அந்த ஐந்து பேரும் ஒரு நாள் முழுக்கக் கடையில் நின்றார்களாம், அதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது. உன் மச்சானிடம் சொன்னால், "மண்டபம், சமையல்னு தலைக்கு மேல வேலை கெடக்கு, இப்ப இது ஒண்ணுதான் கொறச்சலா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

நானே பஸ் ஏறிப் பள்ளத்தூருக்குப் போனேன். சரவணன் உரக்கடையில் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். வந்த விஷயத்தைச் சொன்னேன். தோளில் இருந்த மூட்டையை அடுக்கில் வைத்துவிட்டு வந்தான்.

"மொறைய மறக்காம வந்திருக்கீக, சந்தோசம் அத்தை. நிக்கிறேன். ஆனா அவன் வாயால ஒரு வார்த்தை கேக்கட்டும்."

இதில் என்ன தப்பு இருக்கிறது, சொல். கார்த்தியிடம் சொன்னேன். சரிம்மா என்றான். மறுநாளும் கேட்டேன், அதற்கும் சரிம்மாதான். கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்தவன், நச்சரிப்பு தாங்காமல் கடைசியில், "சொல்லிட்டேனேம்மா" என்று போனையே நீட்டிக் காட்டினான். ஊருக்கெல்லாம் அனுப்பின பத்திரிகைப் படம்; அதன் கீழே, 'வந்துருடா மச்சான்.' அவ்வளவுதான். கேட்டாகிவிட்டதாம். எனக்கு அந்தப் போனை வாங்கிக் கிணற்றில் போடலாம் போல வந்தது.

கல்யாணத்தன்று காலையில் நான் மாப்பிள்ளை அறைக்குப் போனால், கார்த்தி தனியாக உட்கார்ந்து தலைப்பாகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அஞ்சு பேரும் எங்கேடா என்றால், ஒருவன் தலைக்கு ஜெல் தடவப் போயிருக்கிறான், மற்றவர்கள் ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்களாம். ஆடத்தான் ஆடினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆடி முடித்து மேடையில் வரிசையாக நின்றார்கள்.

ஐயர் நிமிர்ந்து பார்த்து, "தோழன் யாருப்பா, வந்து உக்காருங்க" என்றார். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் முன்னால் வந்து முழங்காலை மடக்கினான். பேண்ட் அவ்வளவு இறுக்கம், பாதிக்கு மேல் மடங்கவில்லை. எங்கோ தையல் விடுகிற சத்தம் கேட்டதும் நிமிர்ந்துவிட்டான். இன்னொருவன், "நாங்க நின்னுக்கிட்டே பாத்துக்கறோம் சாமி" என்றான். மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் தோழனுக்கென்று தட்டில் ஒரே ஒரு வேட்டி துண்டு வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டுக்கு மேல் போடுவது என்று விழித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் கார்த்தி கூட்டத்தைப் பார்த்து, "சரவணா, வாடா" என்றான்.

சரவணன் இரண்டாவது வரிசையில் வேட்டி சட்டையோடு இருந்தான். தாய்மாமன் சீரை உன் இடத்திலிருந்து குறைவில்லாமல் செய்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். எழுந்தான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் அவன், "பந்தியப் பாக்குறேன்டா" என்று கையைக் காட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்விட்டான். தாலி கட்டக் குனிந்த கார்த்தியின் முகத்தில் மாலை வந்து விழுந்தது. தாங்க ஆளில்லை. ஐந்து பேரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்திரத்தோடு சரவணனைத் தேடிக்கொண்டு போனேன்.

"ஏன்டா, சபையில வச்சு அவனே கூப்பிட்டான்ல? வந்து உக்காந்தா கொறஞ்சா போயிருவ?"

"அவன் என்னையக் கூப்பிடல அத்தை. ஆள் இல்லைன்னு கூப்பிட்டான்" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறீக. உக்காருங்க, எலை போடச் சொல்றேன்."

உங்கப்பனும் ஆள் இல்லாமல்தானேடா உட்கார்ந்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். தாலி ஏறின பிறகு அந்த அத்தை மகன் வந்து சேர்ந்தாரே, நம் அப்பா தோழனுக்கென்று எடுத்திருந்த பட்டுக்கரை வேட்டியை அவருக்குப் போட்டு, மாலையும் போட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார்களே. நீ தூண் ஓரமாக உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே கிட்டே வந்து, "விடுக்கா" என்றாய்.

பிறகும் அப்படித்தான். பாகம் பிரித்தபோது தண்ணி ஏறாத மேட்டு வயலை உன் பக்கம் தள்ளினார்கள், "விடுக்கா" என்றாய். ஆஸ்பத்திரியில் அந்த உடம்போடு உன்னை ஒரு பகல் முழுக்கப் பெஞ்சில் காக்க வைத்தார்கள், சண்டைக்குப் போன என் கையைப் பிடித்து அப்போதும் அதையே சொன்னாய்.

உன் மகன் விடவில்லை. நேற்றிலிருந்து அவன்மேல் ஒரு தப்புக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கார்த்தியைக் கேட்டால், "நான்தான் கூப்பிட்டேனேம்மா" என்கிறான். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் இருவரையும் சிரிக்க வைத்து, நடந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் வருகிற கோபம் சுற்றிச் சுற்றி உன்மேலேயே வந்து நிற்கிறது. நீ விட்டுவிட்டுப் போனது எதுவும் தொலைந்துவிடவில்லை, தம்பி. அந்த வேட்டியிலிருந்து அந்தப் பெஞ்சு வரை எல்லாவற்றையும் உனக்காக நான்தான் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா