புரட்டாசியில் பேக்கன்

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். பத்து மணிக்கும் ஹெட்லைட் போட்டுத்தான் கார்கள் வந்தன. பள்ளி விடுமுறை வேறு. எஸ்டேட் கேட்டில் தடுப்புக் கம்பியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிட்டது. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "அங்கிள், ஸ்ட்ராபெரி எங்க கிடைக்கும்?" என்றார். கியா பார்ம் போங்க என்றேன். இருபத்திரண்டு வருடம் இந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவன் நான். இப்போது ஸ்ட்ராபெரிக்கு வழி சொல்கிறேன்.

காலை சுகர் 7.6. இனி கா.சு. என்று எழுதுவேன், தினமும் முழுதாக எழுதக் கை வலிக்கிறது.
எடை 81. ஜூனில் 92!
சாப்பிட்டது: பேக்கன் (பன்றிக்கறிக் கீற்று) ஐந்து துண்டு, முட்டை மூன்று, கீரை. சோறு, தோசை, மைலோ எதுவும் இல்லை.

ஜூன் மாத மெடிக்கலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சுகர் 15, இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. "இந்த சுகர வச்சிக்கிட்டு இந்த மலை ரோட்டுல லோரியா? கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. மேனேஜர் துரை அன்றைக்கே லோரிச் சாவியை வாங்கி டிராக்டர் ஓட்டும் மணியத்திடம் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்டோபர் 8 மறு டெஸ்ட். வெறும் வயிற்றில் ஏழுக்குக் கீழே வந்தால் லோரி எனக்கு. வராவிட்டால் மணியத்துக்கே நிரந்தரம்.

இந்தக் கீட்டோ சாப்பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஈப்போவில் படிக்கும் மகள் கவிதா. மாவும் சர்க்கரையும் ஆகாது, கொழுப்பு ஆகும். டாக்டரம்மாவும் சரி என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஐம்பது வயதில் எனக்கு மொறுமொறுவென்று சத்தம் போடும் மருந்து கிடைத்திருக்கிறது. குறை சொல்வேனா?

கேட்டில் கூட இருக்கும் மலாய்க்காரர் பக்சிக் ஹமிட் தங்கமான மனிதர். பன்றி அவருக்கு ஆகாது, அதனால் சாப்பாட்டு டப்பாவில் அதை எடுத்துப்போவதில்லை. பேக்கன் வீட்டோடு சரி.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை. கா.சு. 7.4.

நாளை புரட்டாசி ஒன்று. என் மனைவி சரசு காலையிலேயே சேலையை இழுத்துச் செருகிவிட்டாள். பிரிட்ஜ் காலி. நெத்திலி, கோழி, முட்டை எல்லாம் வெளியே. சட்டி பானை அத்தனையும் புளி போட்டுத் தேய்ப்பு. வாசல்வரை மஞ்சள் தண்ணீர். எங்கள் லயத்தில் வரிசையாகப் பதினாறு வீடு, பதினாறும் இந்த மாதம் சைவம்.

"பேக்கன் மட்டும் இருக்கட்டுமே, சரசு. அது மருந்துலா."

"மருந்துக்கு வாலு இருக்குமா? பன்னி பன்னிதான். கல்யாணம் கட்டுன நாளா ஒரு புரட்டாசி தவறல. இந்த வருசமும் தவறாது."

உண்மைதான். நானும் ஒரு வருடம் தவறியதில்லை. கடைசி எட்டுத் துண்டைப் பொரித்து நின்றபடியே தின்றேன். சட்டியையும் நானே கழுவினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கா.சு. 7.3. இறங்குகிறது. நானும் இறங்கிப்போய்க் கிடக்கிறேன்.

புதன்: தவுஃபூ, அந்த வெள்ளைச் சோயாக் கட்டி. வியாழன்: பனீர், கீரை. இன்று: தவுஃபூ, தேங்காய்ச் சில்லு, மறுபடி தவுஃபூ.

முட்டையும் கிடையாது. பக்கத்து வீட்டு பார்வதி அக்கா சாம்பார் தாளிக்கிறார், எனக்குக் கண்ணீர் வருகிறது. என்னை எனக்குத் தெரியும். தவுஃபூ நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போகும்.

மணியம் லோரியில் கேட்டைக் கடந்தான். மூன்றாம் கியரில் மேடு ஏறுகிறான், படுபாவி. என்ஜின் திணறியது என் காதில்தான் விழுந்தது, அவன் காதில் விழவில்லை. "என்னாண்ணே, சுகமா?" என்று கையை வேறு ஆட்டினான். நல்ல பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 20, சனி

வெற்றி! வெற்றி!

பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன், சீனக்காரி ஆ மோய் கடைக்கு. வழக்கமாகப் பேக்கன் வாங்கும் கடைதான். நான் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, புரட்டாசி ஆ? இந்தா, சாயூர் பேக்கன், சைவம். பன்னி தடா, இல்லவே இல்ல. உங்க ஆளுங்க எல்லாரும் சைவ மட்டன் வாங்குறாங்க, நீ சைவ பேக்கன் வாங்கு லா!"

கோடு கோடாகச் சிவப்பும் வெள்ளையும். அச்சு அசல் பேக்கன். பாக்கெட்டில் தாமரைப் பூ படம். பன்றியே இல்லை! ஏழு பாக்கெட் வாங்கினேன். சரசு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், சாமி படத்தைப் பார்த்தாள். "சைவம்னா சரி" என்றாள்.

பொரித்தேன். மொறுமொறு. பெருமாளும் திருப்தி, டாக்டரம்மாவும் திருப்தி. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் லோரி ஓட்டுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கா.சு. 11.8.

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறு விரல். 11.9.

தினம் ஒரு பாக்கெட் சைவ பேக்கன். பேக்கன்தானே என்று கணக்கே பார்க்கவில்லை. நாலு நாளாகச் சுகரும் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. கவிதாவுக்குப் போன் போட்டேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.

"அப்பா, இது கோதுமை மாவுப்பா. மாவு, சீனி, கலர். நீங்க ஆறு நாளா இனிப்பு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தீங்க."

கோபம் தலைக்கேறியது. மதியம் நேரே ஆ மோய் கடை. கத்தினேன். அவளும் கத்தினாள்.

"சாயூர்னு சொன்னேன், சாயூர்தான் குடுத்தேன். சீனி இருக்கான்னு நீ கேக்கவே இல்லையே!"

கேட்கவில்லைதான். சரிதானே.

இன்னும் பன்னிரண்டு நாள். வாழ்நாள் முழுக்கக் கம்பி தூக்கும் என் கை கண்ணில் தெரிந்தது. பயமாக இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டேன், இங்கே எழுதலாம்.

செப்டம்பர் 27, சனி

கா.சு. 10.2.

இரண்டாம் சனி. சரசு விடிகாலையில் தலை முழுகி, சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். நெடுநேரம் நின்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், எங்கே என்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குத் திரும்பினாள். ஒரு கையில் புதுச் சட்டி. இன்னொரு கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை. உள்ளே அரைக் கிலோ பேக்கன். நிஜ பேக்கன்.

பையை வாங்கி மறுபடி எட்டிப் பார்த்தேன்.

"என்னா பாக்குறீங்க? பெருமாள்கிட்ட பேசிட்டேன். விரதம் வீட்டுக்கு, இது உங்க ஒடம்புக்கு. உங்களுக்கும் சேத்து நான் ஒருபொழுது இருக்கேன். இந்தச் சட்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது. பின்னால காய்த்தோட்டத்துக்கிட்ட வச்சி நீங்களே பொரிச்சிக்குங்க."

"சரசு, நீ எதுக்கு பட்டினி…"

"அந்தக் கேட்டுல நீங்க நிக்கிறத பாக்க என்னால முடியலங்க. பஸ்ஸுல போறப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறேன். தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. இன்றுதான் தெரிந்தது. தோட்டத்து ஓரம் காஸ் அடுப்பை வைத்துப் பொரித்தேன். புகை கண்ணில் பட்டதென்று சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

கா.சு. 8.6. இறங்குமுகம்.

இன்று பெரிய ஆபத்து. காற்றே இல்லாத சாயங்காலம், பனி தரையோடு படுத்திருந்தது. வாசனை மேலே போகாமல் லயத்தோடு ஊர்ந்தது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதி அக்காவின் தலை.

"சரசு, என்னாடி வாசம் இது? புரட்டாசில?"

சரசு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். முகம் செத்துவிட்டது. "அது… சைவ பேக்கன்க்கா. ஆ மோய் கடையில விக்கிறாங்க."

"சைவத்துல இவ்ளோ வாசமா! ரெண்டு துண்டு இங்க குடு, ருசி பாக்கிறேன்."

கையையும் நீட்டிவிட்டார். பதினேழு வருடமாகப் புரட்டாசி முழுக்க ஒருபொழுது இருக்கும் மனுஷி! சரசு ஓடி வந்து சட்டியை என் கையிலிருந்து பிடுங்கினாள். "ஐயோ இது கருகிப்போச்சிக்கா, இருங்க, நல்லதா தர்றேன்." அதை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடி, மிச்சம் இருந்த தாமரைப் பூ பாக்கெட்டை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள்.

பார்வதி அக்காவுக்கு மகா சந்தோஷம். பாக்கெட்டோடு வீட்டுக்குள் போனார். அப்புறம் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம். சரசு மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்தி, "பொய் சொன்னதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள்.

அக்டோபர் 4, சனி

கா.சு. 7.2. எடை 79!

மூன்றாம் சனி, கோயிலில் இலை விருந்து. சோறு, சாம்பார், வடை, சர்க்கரைப் பொங்கல், பாயாசம். என் எதிரிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இலையில் உட்காரவில்லை. வாளி தூக்கிப் பரிமாறினேன், மூன்று பந்தி. வாளி தூக்குபவனை யாரும் சாப்பிடச் சொல்வதில்லை. நல்ல தந்திரம்.

மணியத்தின் இலைக்குப் பொங்கல் மூன்று கரண்டி போட்டேன். "போதும்ணே" என்றான். நாலாவது கரண்டியும் போட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

பார்வதி அக்கா பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி, "சரசு வீட்டு பேக்கன் சட்டில இருக்கிறப்ப ஒரு வாசம், எங்க வீட்டுக்கு வந்தா ஒண்ணுமில்ல" என்றார். சரசு தலை நிமிரவில்லை.

அக்டோபர் 8, புதன்

டெஸ்ட். தானா ராத்தா கிளினிக். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் முழுக்க உள்ளே. சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டு, அளவு நோட்டு. சரசு உடன் வந்தாள், விரல் எல்லாம் மடக்கி வைத்துக்கொண்டு.

ஊசி குத்தினார்கள். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார்.

6.3.

"செல்வம், என்னா பண்ணீங்க?"

"பேக்கன், டாக்டரம்மா."

சிரித்துவிட்டார். மூன்று மாதச் சராசரிச் சுகரும் நன்றாக இறங்கியிருக்கிறதாம். கொழுப்பு டெஸ்டும் எடுத்தார், அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார், மாத்திரையைத் தானாகக் குறைக்கக் கூடாது என்று விரல் நீட்டிச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கண் மட்டும் அவர் பேனா மேல். கையெழுத்து விழுந்தது. நீல மை. அழகான கையெழுத்து.

வெளியே வந்ததும் சரசு என் கையைப் பிடித்தாள். பஜாரில், எல்லாரும் பார்க்க. பஸ் வரும்வரை விடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

துரையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "மன்டே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மணியம் தேடி வந்து கை கொடுத்தான். அவனுக்குப் பழைய டிராக்டர் வேலையே பிடிக்குமாம், லோரியில் மேடு ஏறும்போது வயிற்றைக் கலக்குமாம். "ரெண்டாம் கியர்ல ஏறு, கலக்காது" என்றேன். "இத மொதல்லியே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றான்.

சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

வெயில்! மழை விட்டு, மலை முழுக்கப் பளபளவென்று.

கா.சு. 6.1. பேக்கன் நாலு துண்டு, கீரை. புரட்டாசி முடிய இன்னும் நாலு நாள்.

ஏழு மணிக்கு ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடம். ஜூனில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் கையை விட்டு விட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

முதல் லோடு நாற்பது மூட்டை. ஒன்றுகூடச் சரியவில்லை. கேட்டில் பக்சிக் ஹமிட் கம்பியைத் தூக்கி சல்யூட் அடித்தார். நானும் அடித்தேன்.

இரண்டாம் லோடு லயத்து வழியாக. ஹார்னை அழுத்தினேன், நீளமாக. பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பார்வதி அக்கா முறத்தோடு. சரசு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி, சும்மா வம்புக்குக் கத்தினேன்:

"சரசு, இன்னிக்கு என்னா சமையல்?"

அவள் பார்வதி அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, லயத்தின் பதினாறு வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"எனக்கு ரசஞ்சோறு! ஒங்களுக்குப் பன்னி!"