என் படத்தின் கீழே அவர் பேச்சு

மார்ச் 4

எலிக்குஞ்சு, நீ போன பிறகு இன்றைக்குத்தான் வெளி ஆள் ஒருத்தரிடம் வாய் திறந்தேன். நான் வேலை செய்யும் இஸ்திரிக் கடைக்குப் பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். காலை நேரத்தில் நம் தெருவில் லாரி விடலாமா கூடாதா என்று எல்லாரிடமும் கேட்டுப் போடுகிறார்களாம்.

"என் தங்கச்சிய லாரி அடிச்சிடுச்சு, நான்தான் அள்ளி எடுத்தேன். ஆளுங்க வேலைக்குப் போற நேரத்துலயாவது லாரி வேணாம்" என்றேன். படம் எடுத்தாள். எதிரே இருக்கும் சரக்குக் கிடங்குக்காரரிடமும் கேட்டு, அவரையும் எடுத்தாள்.

மார்ச் 7

பேப்பரில் எங்கள் பேச்சை மாற்றிப் போட்டுவிட்டார்கள். என் படத்துக்குக் கீழே கிடங்குக்காரர் சொன்னது: 'பார்த்து நடக்கத் தெரியாதவர்களுக்காக லாரியை நிறுத்த முடியுமா?' அவர் படத்துக்குக் கீழே நான் சொன்னது.

பக்கத்து வீட்டு அக்கா பேப்பரோடு வந்துவிட்டாள். "கூடப் பொறந்தவளப் பத்திப் பேசுற பேச்சாடி இது? நாக்கு கூசல?"

நான் சொல்லல, சொல்லலன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அச்சுல இருக்கேங்கிறா.

மார்ச் 8

பத்திரிகை ஆபீஸ். ஆசிரியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நாளைக்கே திருத்தம் போடுகிறாராம்.

"பொடி எழுத்துல போட்டா யாருங்க படிப்பா?"

யோசித்தார். முதல் பக்கத்திலேயே போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை தெரு ஆட்களைக் கூட்டுகிறேன், கவுன்சிலரும் வருவார், நீங்களே பேசுங்கள் என்றார்.

"எனக்குக் கூட்டத்துல பேச வராதுங்க."

"எனக்கும்தாம்மா வராது. அதான் எழுதுற வேலைக்கு வந்தேன்."

சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 11

பள்ளிக்கூட ஹால். கிடங்குக்காரர் முதலில் எழுந்தார். "பேப்பரப் பாத்துட்டு வெளியூர் வியாபாரிங்க போன்ல எங்கிட்ட துக்கம் விசாரிச்சாங்க. ஒருத்தர் அழுதே அழுதுட்டார். அது நான் இல்லன்னு சொல்ல வாய் வரல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "யாருக்கு, உங்களுக்கா வாய் வரல?" கூட்டமே சிரித்தது.

நான் எழுந்தேன். பாத்துத்தான் நடந்தா அவ, ரெண்டு பக்கமும் பாத்துத்தான் நடந்தா — அதுக்கு மேல என்ன பேசினேன்னு தெரியல.

அப்புறம் ஒரு லாரி டிரைவர் கேட்டார்: "விடியறதுக்குள்ள கிடங்கத் தொறந்தா, நாங்க ஏன் அந்த நேரத்துல வர்றோம்?" எல்லாரும் கிடங்குக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். திறக்கிறேன் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கவுன்சிலர் "பரிசீலிக்கிறோம்" என்று கிளம்பப் பார்த்தார். "எப்போ?" என்று நாலா பக்கமிருந்தும் குரல். தேதி சொன்ன பிறகுதான் விட்டார்கள். அந்தத் தேதியையும் பேப்பரில் போடுவார்களாம்.

ஏப்ரல் 2

தெரு முனையில் தடைப் பலகை நட்டுவிட்டார்கள். காலையில் லாரி இல்லை.

அடுத்து குடிதண்ணீருக்குக் கூட்டமாம். பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன்.

முன்பெல்லாம் தெருவில் என்னை உன் பேரைச் சொல்லி, அவளோட அக்கா என்பார்கள். இப்போது, கூட்டத்துல பேசினாங்களே அந்தம்மா என்கிறார்கள். உன்னப் பத்திப் பேசப் போயி, உன் அக்காங்கிற பேர அங்கயே விட்டுட்டு வந்துட்டேனாடி?