தூரத்துக்குக் கடைந்த வளையம்

பிப்ரவரி 6

அன்புள்ள மில்லிமீட்டருக்கு,

மாமா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கவர் மேல் கிறுக்கிய கை இது, இனிமேலா திருந்தப் போகிறது. என் முதுகைத் தவிர இங்கே எல்லாரும் சுகம்.

விவாகரத்து முடிந்து நீ வேறு ஊர் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உனக்கும் என் மகனுக்கும் ஒத்துவரவில்லை. அதில் நான் நீதிபதி இல்லை. ஆனால் இந்த வீட்டில் இருந்தவரை என் கிறுக்குக்கு ஈடு கொடுத்தவள் நீ ஒருத்திதான். பூதக்கண்ணாடியைக் கூடக் கேமராவில் மாட்டிப் படம் எடுத்தோமே, வேறு யார் உட்காருவார்கள் அதற்கு?

இப்போது பழைய சாமான் கடையில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டர் கிடைத்திருக்கிறது. பல்பு போய்விட்டது, விசிறி போய்விட்டது, லென்ஸ் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. சுவரில் படம் காட்டவே பிறந்த லென்ஸ். அதை என் பழைய கேமராவில் உட்கார வைத்துப் படம் எடுக்க வைக்க வேண்டும் என்று ஆசை. நடுவில் ஒரு வளையம் வேண்டும். ஒரு பக்கம் கேமராவின் மரையில் ஏற வேண்டும், மறுபக்கம் லென்ஸ் குழாய் ஆடாமல் நிற்க வேண்டும். இங்கே லேத் வைத்திருப்பவரிடம் கேட்டேன். "பெரியவரே, பம்பு ஷாஃப்ட் இருந்தா குடுங்க, பண்ணித் தரேன்" என்று அனுப்பிவிட்டார். உன் பட்டறை லேத்தில் நீ கடைந்து தருவாயா?

உன் அத்தைக்குத் தெரியாமல் எழுதவில்லை. சொன்னேன். "அறுந்த உறவுக்கு எதுக்குத் தபால்? அவளாவது நிம்மதியா இருக்கட்டும், விடுங்க" என்றாள். நீயும் அப்படி நினைத்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைப்பேன்தான், ஆனாலும் கிழி.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

கிழிக்கவில்லை. பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன், அதனால் ஓரத்தில் எண்ணெய்க் கறை. என்னை மில்லிமீட்டர் என்று கூப்பிட இந்த ஊரில் ஆளே இல்லை. இங்கே எல்லாருமே மில்லிமீட்டரில்தான் பேசுகிறார்கள்.

முடிந்தது எனக்கும் அவருக்கும். மாமாவோடும் முடித்துக்கொள் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அத்தை சொல்வதில் எனக்கு வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது எனக்கு எழுத முடியாது என்று ஆனால், முடியாது என்றே எழுதிவிடுங்கள். எனக்கு வலிக்குமே என்று எதையும் மூடி வைக்க வேண்டாம். அந்த வீட்டில் நான் அழுததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் எனக்குக் கடைசியில் தெரிய வந்தபோதுதான்.

வளையத்துக்கு வருவோம். குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் எடுத்து அனுப்புங்கள். தையல் டேப் கூடாது, சொல்லிவிட்டேன். அடுத்தது முக்கியம். அந்த லென்ஸில் முன்னே பின்னே நகர்த்துகிற திருகு கிடையாது. ஒரு வளையத்துக்கு ஒரே தூரம்தான் தெளிவாக இருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆளை எடுப்பதென்றால் வளையம் நீளமாக வேண்டும், தூரத்தில் உள்ளதற்குக் குட்டையாக வேண்டும். எதை எடுக்கப் போகிறீர்கள்?

அன்புடன்,
மில்லிமீட்டர்


மார்ச் 2

அன்புள்ள மில்லிமீட்டருக்கு,

உன் கடிதத்தை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். ஒளித்து அல்ல, மேலாகத்தான். அத்தை பார்த்தாள், டிராயரைச் சற்று அழுத்தமாகச் சாத்தினாள், அவ்வளவுதான்.

அளவுகள் தனித்தாளில். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, லென்ஸை முன்னால் கையில் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். எதிர்த் தெரு மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி தலைகீழாக, ஒவ்வோர் ஆணியும் தெரியும்படி வந்து விழுந்தது. கத்திவிட்டேன். அத்தை பாம்போ என்று ஓடி வந்தாள். அந்தத் தூரத்துக்கே செய்துவிடு.

ஆள்களை எடுத்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஒருத்தரும் அசையாமல் நிற்பதில்லை. எக்ஸ்ரே அறையிலாவது மூச்சை அடக்கு என்றால் அடக்குவார்கள். வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

வளையம் இத்துடன். அலுமினியத் துண்டு ஒன்றில் கடைந்தேன். மரை வெட்டும்போது முதல் துண்டு பாழாகிவிட்டது, ஃபோர்மேன் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இது இரண்டாவது. உள்ளே மினுங்கினால் படம் வெளுத்துவிடும் என்பதால் கறுப்பு அடித்திருக்கிறேன். நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள், உங்களைத் தெரியும் எனக்கு.

தொட்டி மேல் காக்கா உட்கார்ந்தால் அதன் மூக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர்களை இதில் எடுக்காதீர்கள், எல்லாரும் புகையாகத்தான் வருவார்கள்.

பட்டறைக்குப் பின்னாலேயே எனக்கு ஓர் அறை கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் லேத் சத்தம். நிம்மதியாகத் தூங்குகிறேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம், சொன்னால் உங்களுக்குத்தான் திட்டு விழும்.

அன்புடன்,
மில்லிமீட்டர்


மே 11

அன்புள்ள மில்லிமீட்டருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. வேலை இருந்துகொண்டே இருந்தது.

காக்கா மூக்கு தெரிந்தது. இறகைக் கோதுவதுகூடத் தெரிந்தது. தெருக்காரர்கள் எல்லாரிடமும் காட்டி, அவர்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகிற நிலைமைக்கு வந்துவிட்டது.

ஆனால் இத்துடன் உள்ள படத்தைப் பார். தெரிந்தவர் வீட்டு விழா ஒன்றில் எடுத்தேன். நீ சொன்னதை மறக்கவில்லை. பக்கத்தில் எடுப்பதற்கென்று அட்டையில் ஒரு பட்டை வெட்டி வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் சொருகிப் பழகியிருந்தேன். அன்று காலை அவசரத்தில் அது மேசை மேலேயே கிடந்துவிட்டது. அட்டை இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு வரும் என்று நினைத்தேன். இந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. அதனால் படம் கழுவி வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நிற்கிறவர்கள் ஆவி மாதிரி இருக்கிறார்கள், பின்னால் இருக்கிற வாசல் கத்தி மாதிரி இருக்கிறது. பக்கத்துக்கு என்று தனியாக ஒரு வளையம் கடைந்து தர முடியுமா?

இப்படிக்கு,
மாமா


மே 19

மாமாவுக்கு,

தெரிந்தவர் வீட்டு விழா இல்லை அது. முகம் மங்கிவிட்டதால் எனக்குத் தெரியாது என்று நினைத்து அனுப்பிவிட்டீர்கள். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நிற்கிற மனிதர் யாரென்று, அவரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரிய லென்ஸ் வேண்டுமா மாமா? பக்கத்தில் மாலையோடு ஒரு பெண். உங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆகட்டும். அவர் தனியாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. எனக்கு ஆத்திரம் உங்கள் மேல்தான். மூடி வைக்காதீர்கள் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டில் விசேஷம் இல்லை என்று எழுதினீர்கள். கல்யாணம் என்று சொல்லியிருந்தால் ஆறடிக்கு ஒரு வளையம் கடைந்து தந்திருப்பேன், படமும் நன்றாக வந்திருக்கும். இப்போது பாருங்கள், அந்தப் பெண்ணுக்கு முகமே இல்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

இன்னொன்று. நீங்கள் அந்தப் படத்தில் முன்னால் இருக்கிற புகையை மட்டுந்தான் பார்த்திருக்கிறீர்கள். வாசலைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில், மேடையைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அத்தை. இரண்டு கையையும் ஒரு தடி மேல் வைத்திருக்கிறார். அந்தத் தடியின் பித்தளைக் குமிழ் நான் கடைந்தது. நான் வீட்டைவிட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கொடுத்தேன். "எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். குமிழுக்குக் கீழே மூன்று கோடு வெட்டியிருந்தேன். பட்டறையில் இருக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூன்றும் தெரிகிறது.

அன்று பட்டறையில் வேலை ஓடவில்லை எனக்கு. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று ஃபோர்மேனிடம் சொன்னேன்.

ஆறடிக்கு வளையம் கடைந்துவிட்டேன். இங்கேயே இருக்கிறது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். இனி எழுத வேண்டாம் என்பது பதிலானால் அதையும் எழுதுங்கள்.

மில்லிமீட்டர்


ஜூன் 3

அன்புள்ள மில்லிமீட்டருக்கு,

நீ திட்டியது அத்தனையும் நியாயம். கல்யாணம் என்று சொன்னால் நீ வளையம் செய்ய மாட்டாய் என்று நான் பயப்படவில்லை அம்மாடி. சொன்னாலும் செய்துவிடுவாய் என்றுதான் பயந்தேன். நீ குனிந்து நின்று அதைக் கடைவதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்காகப் பொய் சொன்னேன், பொய்யிலேயே படமும் போயிற்று.

உன் கடிதம் வந்த அன்றே படத்தை அத்தை முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியையும் வைத்தேன்.

"இது யாரு?" என்றேன்.

"நான்தான்."

"கையில என்ன?"

"கண்ணு தெரியுதில்ல, அப்புறம் என்ன கேள்வி?"

சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. நானும் பின்னால் போனேன். மகன் கல்யாணத்தில் மேடைப் பக்கம் நிற்காமல் வாசலில் போய் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். "அங்கதான் காத்து வந்துச்சு" என்றாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் வீட்டில் அவளைப் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடியோடுதான். நீ கொடுத்தது எங்கே போயிற்று என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது மருமகளாக வந்திருக்கிற பெண் சொல்லித்தான் தெரிந்தது, நான் எழுவதற்கு முன்னால் அத்தை தினமும் அந்தத் தடியை எடுத்துக்கொண்டுதான் நடக்கப் போகிறாளாம். வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணுக்குத் தெரிகிறது. நான் கண்ணாடி கண்ணாடியாக மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எழுத உட்கார்ந்தபோது அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். "அவளுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். டிராயரைத்தான் சாத்தப் போகிறாள் என்று பார்த்தால், "அப்படின்னா ஒண்ணு கேட்டு எழுதுங்க. அந்தத் தடியில அடி ரப்பர் தேஞ்சு போச்சு. கடையில இருக்கிற ரப்பர் ஒண்ணும் அதுக்குச் சேரல. வேற பண்ணித் தர முடியுமான்னு கேளுங்க" என்றாள்.

தபாலில் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "தடிய அனுப்பிட்டு நான் எதை ஊனி நடக்கிறது? ஏன், நேர்ல போனா நம்மளை உள்ள விட மாட்டாளா?" என்றாள்.

விடுவாயா?

இப்படிக்கு,
மாமா


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மோட்டார் அதிராமல் இருக்க அடியில் வைக்கிற கெட்டி ரப்பர் இங்கே நிறைய இருக்கிறது. தடியைக் கொண்டு வந்தால் அத்தை உட்கார்ந்திருக்கும்போதே வெட்டிப் போட்டுவிடலாம். கேமராவையும் கொண்டு வாருங்கள், ஆறடி வளையத்தை நானே மாட்டித் தருகிறேன். அந்தப் பெண்ணை நல்லபடியாக ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் பட்டறை தெரியும். பின்பக்கம் என் அறை. அறைக்கு ஏறும் படிகள் உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஃபோர்மேனிடம் கேட்டு ஒரு குழாயை வளைத்துக் கைப்பிடி பற்றவைத்திருக்கிறேன். எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நான் எதையும் அளக்கவில்லை. அத்தை பக்கத்தில் நின்றால் என் தோளுக்குக் கீழே அவர் கை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தைக் காட்டினேன்.

பெயிண்ட் காய ஒரு நாள் ஆகும். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

அன்புடன்,
மில்லிமீட்டர்