முதல் மிஷினின் ஆயில் சீல்

மார்ச் 3, திங்கள்

ஒரே கடை, ஒரே அளவு, ஒரே ஆயில் சீல் — சுழலும் தண்டின் ஓரம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். எங்கள் சோப்பு ஆலையின் இரண்டாவது கலக்கும் மிஷினில் வருடக்கணக்காக உழைக்கிறது. முதல் மிஷினில் ஒரு மாதம் தாண்டுவதில்லை. ஏன்? தெரியவில்லை.

இன்று மூன்றாவது சீலும் போனது. கியர் எண்ணெய் சொட்டி, தொட்டியிலிருந்த சோப்புக் கலவை முழுக்க வீண். மேனேஜர் ஃபிட்டரைக் கைகாட்டினார். "சுத்தியலால அடிச்சு மாட்டினா ஒழுகாம என்ன செய்யும்? இனிமே அவர் குடோனுக்குப் போகட்டும்."

ஃபிட்டரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். ஸ்க்ரூ டிரைவரை மிஷின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பவர். அவர் போய் மூட்டை அடுக்குவதா?

மார்ச் 4

கழற்றிய சீலை என் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். அடிபட்டிருந்தால் தண்டைத் தொடும் உள்விளிம்பில் ஓரிடம்தான் கிழியும். இது சுற்றிலும் நகம்போல இறுகி வெடித்திருக்கிறது. அடியல்ல. சூடு.

டாக்டரே நம்பவில்லை. "வயசாயிடுச்சு மேடம். கை நடுங்குதோ என்னவோ."

"நடுங்கினா இப்படிச் சுத்தி வெடிக்காது."

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

மார்ச் 5

அளந்தேன். முதல் மிஷினின் கியர்பாக்ஸ் கொதிக்கிறது, இரண்டாவது வெதுவெதுப்பு. போன வருடக் கடைசியில் முதல் மிஷினின் வேகத்தைக் கூட்டச் சொன்னவர் மேனேஜர். ஆனால் சீல் வாங்கும் வழக்கம் மாறவில்லை — பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் "இதே மாதிரி" என்பது. கடைக்காரர் விட்டமும் கனமும் பார்த்துக் கறுப்பு ரப்பரைத் தருவார். சூடு எவ்வளவு என்று அவரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

சூடு தாங்கும் பழுப்பு ரப்பர் வாங்கினேன். அதையும் சும்மா நம்பிவிட முடியுமா? இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி, ஆய்வகத்தில் சூடான எண்ணெயில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7

கறுப்பு, மடக்கியதும் விண்டது. பழுப்பு வளைந்து நிமிர்ந்தது. இரண்டையும் மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"அப்போ தப்பு என் மேலயா?"

"வேகத்து மேல, சார்."

சிரிக்கவில்லை. "அவரே மாட்டட்டும், ஒரு மாசம் பார்ப்போம். ஒழுகிச்சுன்னா ரெண்டு பேருக்கும் குடோன்தான்."

சாயங்காலம் டாக்டர் பழுப்பு சீலை மாட்டினார்.

மார்ச் 19

சொட்டவில்லை.

ஏப்ரல் 10

நாளை மேனேஜர் சோதிக்கிறார். தங்கை போனில், "குடோன்ல ஃபேன் இருக்காக்கா?" என்றாள். ஒழுகாதுடி என்றேன். எதையும் 'பார்க்கலாம்' என்றே சொல்பவள் நான். "நீயா பேசுறே?" என்றாள்.

ஏப்ரல் 11

"டாக்டரே, பேஷண்ட் பொழைக்குமா?" என்று பக்கத்து மிஷின்காரர் சீண்டினார். மேனேஜர் மிஷினை நிறுத்தச் சொல்லி, சீலின் அடியில் கைக்குட்டையை ஒற்றி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யார் மாட்டினது?"

"நான்தான் சார்."

"ரெண்டாவது மிஷின் வேகத்தையும் கூட்டப்போறோம். அதுக்கும் நீங்களே சீல் மாட்டிடுங்க."

"பழுப்பு சீல் வந்தப்புறம் வேகத்தைக் கூட்டலாம் சார்," என்றார் டாக்டர், நான் வாயைத் திறக்குமுன்.